நொறுங்கிய வண்டி இன்னும் ஓயவில்லை: மீட்பு வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விபத்து நடந்த இடத்தில் இறங்கியதும் காதில் விழுவது உள்ளே சிக்கியவரின் குரல். கால் தானாக அந்தப் பக்கம் ஓடும். தீயணைப்பு வீரருக்கு அது ஊறிப்போன பழக்கம், குறை சொல்ல முடியாது. ஆனால் வண்டியை ஒரு சுற்று பார்க்காமல் ஓடினால், அவரையும் யாராவது காப்பாற்ற வேண்டியதாகிவிடும். மோதி நின்ற வண்டி அசைவில்லாமல் கிடக்கும். அதன் ஸ்பிரிங்கிலும் பேட்டரியிலும் வாயுக் குப்பிகளிலும் அடங்கியிருக்கும் விசை இன்னும் தீர்ந்திருக்காது. கீழே சொல்லும் தவறுகளில் பலவும் இதை மறப்பதால் வருபவை.

வண்டியைத் தொடுவதற்கு முன்பே சாலை இருக்கிறது. தீயணைப்பு வண்டியை விபத்துக்கு முன்னால், வாகனங்கள் வரும் பக்கத்தில் சாய்வாக நிறுத்தி, வேலை நடக்கும் பகுதியை மறைக்க வேண்டும். பின்னாலிருந்து யாராவது மோதினாலும் தீயணைப்பு வண்டி நம் ஆட்கள் மேல் உருளாதபடி முன்சக்கரங்களைத் திருப்பி வைக்க வேண்டும். ஒளிரும் மேலங்கி இல்லாமல் இறங்குவதும், போக்குவரத்துக்கு முதுகைக் காட்டி நிற்பதும் கூடவே கூடாது.

அப்புறம் முட்டுக்கொடுப்பது. நான்கு சக்கரத்திலும் சரியாக நிற்கும் கார்தானே என்று விட்டுவிடுகிறார்கள். கதவை வெட்டும்போது அது சஸ்பென்ஷனில் ஆடும், கூரையை எடுத்ததும் வண்டியின் உடலே நெகிழும். படிபடியாக வெட்டிய முட்டுக் கட்டைகளை நான்கு பக்கமும் செருகிய பிறகுதான் கருவியைக் கையில் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் கவிழ்ந்த வண்டி என்றால், தாங்குகம்புகளால் முட்டுக்கொடுக்கும்வரை அது சாயக்கூடிய பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. தூக்கும்போது ஒரு அங்குலம் உயர்ந்தால் ஒரு அங்குலத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். கையை அடியில் விடாமல், இன்னொரு கட்டையால் தள்ளி வைப்பதே முறை.

இனி வெடிக்காத ஏர்பேக். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். பேட்டரியைக் கழற்றிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்ற நம்பிக்கை தவறு. ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். வண்டியைப் பொறுத்துச் சில நொடிகளும் ஆகலாம், பல நிமிடங்களும் ஆகலாம். அதனால் தூரம்தான் பாதுகாப்பு: பக்கவாட்டு ஏர்பேக்கிலிருந்து 5 அங்குலம், ஸ்டியரிங்கிலிருந்து 10, முன்பயணியின் பக்க டாஷ்போர்டிலிருந்து 20 அங்குலம். நினைவில் வைக்க எளிதான கணக்கு. பேட்டரியைக் கழற்றும் முன் கண்ணாடிகளை இறக்கி, சீட்டைப் பின்னே தள்ளி, கதவுப் பூட்டுகளைத் திறந்துவிடுங்கள். மின்சாரம் போன பிறகு இவை எதுவும் நகராது. நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். சில வண்டிகளில் பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும், இரண்டாவது பேட்டரியும் இருக்கலாம்.

கூரையை வெட்டும்போது உள் பிளாஸ்டிக்கை உரிக்காமல் கட்டரை வைப்பதைத்தான் மிகப் பெரிய தவறு என்பேன். பக்கக் கண்ணாடியை மறைத்து இறங்கும் திரை ஏர்பேக்குக்கான வாயுக் குப்பி, கூரை ஓரத்திலோ கூரையைத் தாங்கும் தூணுக்குள்ளோ மிக உயர்ந்த அழுத்தத்தில் இருக்கும். அதைக் கட்டர் கடித்தால் வெடித்து உலோகம் பறக்கும். உரித்துப் பார்த்து, குப்பி இருக்கும் இடத்தில் குறி போட்டு, தள்ளி வெட்டுங்கள். சீட் பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்துக் கருவியும் தூணின் அடியில் இருக்கலாம்.

மின்சார, ஹைபிரிட் கார்களில் சத்தம் இல்லை என்பதால் ஆஃப் ஆகிவிட்டது என்று எண்ணாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள், சாவியை 5 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோங்கள். ஆரஞ்சு நிறக் கம்பிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். அவற்றை வெட்டவே கூடாது.

எண்ணெய் அழுத்தத்தால் வெட்டும், விரிக்கும் ஹைட்ராலிக் கருவிகள் பல ஏறக்குறைய 700 பார் அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப்போல் சுமார் 700 மடங்கில் இயங்குபவை. குழாயில் எண்ணெய் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது கொடிய தவறு. ஊசித்துளை வழியாகப் பீறும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். முதலில் ஊசி குத்தியதுபோல்தான் இருக்கும், வலியும் அதிகம் தெரியாது. ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. இன்னொன்று, கருவிக்கும் வண்டிக்கும் நடுவில் நிற்பது. கட்டர் உலோகத்தைக் கடிக்கும்போது தானே திரும்பும். அப்போது மல்லுக்கட்டாமல் நிறுத்தி, மறுபடி பொருத்துங்கள்.

எரியும் காரை நேர் முன்னாலோ நேர் பின்னாலோ அணுகாதீர்கள். சூடேறிய பானெட் தாங்கிகளும் பம்பர் அதிர்வுதாங்கிகளும் அம்புபோலப் பாயும். மூலைப் பக்கமாகப் போங்கள். முன்கண்ணாடியை அறுக்கும்போது பறக்கும் தூளுக்கு முகக்கவசம் வேண்டும், உள்ளே இருப்பவருக்கும்தான்.

காயமடைந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றியதும் ஹெல்மெட்டையும் கையுறையையும் கழற்றிவிடுகிறார்கள். வெட்டிய விளிம்புகள் அப்போதும் அங்கேதான் இருக்கின்றன, கருவிகளைப் பொறுக்கும் கைகளோ களைத்திருக்கும். சேதமான லித்தியம் பேட்டரி மணிக்கணக்கில், சில சமயம் நாட்கள் கழித்துக்கூட மறுபடி தீப்பிடிக்கக்கூடும் என்பதால், அந்த வண்டியை மற்ற வண்டிகளிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளி நிறுத்தும்படி இழுத்துச் செல்பவரிடம் சொல்லி அனுப்புங்கள்.