எஸ்3 பக்கெட் அமைப்புகளை ஏபிஐ வழியாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் ஒரு பக்கெட்டின் (கோப்புகளை வைக்கும் கொள்கலன்) அமைப்பை இணையக் கன்சோலில் மாற்றும்போது, ஏற்கெனவே உள்ள விதிகள் கண்முன் பட்டியலாகத் தெரியும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையவை அப்படியே இருக்கும். ஏபிஐயும் (நிரல்கள் சேவைக்குக் கோரிக்கை அனுப்பும் வழி) இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நம்புவதே மிகப் பெரிய தவறு.

கோப்புகளை எப்போது அழிப்பது, எப்போது இடம் மாற்றுவது என்று சொல்லும் லைஃப்சைக்கிள் விதிகளை எழுதும் 'புட்' கோரிக்கை எதையும் சேர்ப்பதில்லை. பழைய விதிகள் அடங்கிய ஆவணத்தை நீக்கிவிட்டு, நீங்கள் அனுப்பியதை அந்த இடத்தில் வைக்கிறது. லாக் கோப்புகளை 30 நாளில் அழிக்க ஒரு விதி, பழைய அறிக்கைகளை 90 நாளில் கிளேசியர் என்ற மலிவான காப்பகச் சேமிப்புக்கு நகர்த்த ஒரு விதி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தற்காலிகக் கோப்புகளுக்காக மூன்றாவது விதியை மட்டும் எழுதி அனுப்பினால் முதல் இரண்டும் போய்விடும். சேவையிடமிருந்து வருவது 200 என்ற வெற்றிப் பதில்தான். எச்சரிக்கை எதுவும் வராது. லாக் கோப்புகள் குவிந்துகிடப்பது பின்னர் கட்டண ரசீதைப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

டேக்குகள் (பக்கெட்டுக்கான அடையாளச் சீட்டுகள்), கார்ஸ் விதிகள் (வேறு தளங்களின் பக்கங்கள் உலாவி வழியாக அணுகுவதற்கானவை), பக்கெட் பாலிசி (யாருக்கு என்ன அனுமதி என்பது), நிகழ்வு அறிவிப்புகள் அனைத்துக்கும் இதே நடைமுறைதான். அறிவிப்புகளில் ஆபத்து இன்னும் கூடுதல். காலியான ஆவணம் ஒன்றை அனுப்பிவிட்டால் எல்லா அறிவிப்புகளும் நின்றுவிடும். அவற்றை நம்பியிருக்கும் லாம்டா நிரல்கள் (நிகழ்வு வரும்போது மட்டும் ஓடுபவை) பிழை காட்டுவதில்லை. அவற்றை யாரும் அழைப்பதே இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் 'கெட்' மூலம் முழு அமைப்பையும் எடுங்கள். அதில் திருத்தி, முழுவதையும் திருப்பி எழுதுங்கள். எடுத்ததன் நகலைத் தனிக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். கோப்புகளுக்குப் பழைய பதிப்புகளை வைத்திருக்கக்கூடிய எஸ்3, பக்கெட் அமைப்புகளுக்கு அப்படி எதையும் வைத்திருப்பதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குத் தவறிவிடுகிறது. லைஃப்சைக்கிள் விதியே இல்லாத பக்கெட்டில் 'கெட்' கோரிக்கைக்கு 404 வரும். 'இன்னும் எதுவும் எழுதப்படவில்லை' என்பதே அதன் பொருள், தொடரலாம். 403 வந்தால் கதை வேறு: விதிகள் இருக்கலாம், உங்களுக்குப் படிக்க அனுமதி இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கருதி, காலிப் பட்டியலிலிருந்து தொடங்கும் நிரலுக்கு எழுதும் அனுமதி மட்டும் இருந்தால், இருந்த விதிகளை எல்லாம் அது துடைத்துவிடும். 403 என்றால் நிரல் அங்கேயே நிற்க வேண்டும்.

ஒரே பக்கெட்டை டெராஃபார்மும் (அமைப்புகளைக் கோப்பில் எழுதி இயக்கும் கருவி) கையால் எழுதிய வேறொரு நிரலும் மாற்றினால், கடைசியாக எழுதியதே நிலைக்கும். கூகுள் கிளவுட் ஸ்டோரேஜில் மெட்டாஜெனரேஷன் எண்ணை (அமைப்பு மாறும்போதெல்லாம் கூடுவது) நிபந்தனையாக வைத்தால், இடையில் வேறொருவர் மாற்றியிருக்கும்போது கோரிக்கை 412 என்று நிராகரிக்கப்படும். எஸ்3 பக்கெட் அமைப்புகளைப் பொறுத்தவரை, எழுதும் பொறுப்பை ஒரே கருவியிடம் ஒப்படைப்பதே என் பரிந்துரை.

பக்கெட் பாலிசியில் 'டினை' (தடுக்கும்) விதி எழுதும்போது மிகுந்த கவனம் தேவை. குறிப்பிட்ட ஐபி முகவரிகளைத் தவிர மற்றவர்களைத் தடுக்க எண்ணி, முகவரியைத் தவறாக எழுதிவிட்டால், நிர்வாகிகள் உட்பட எல்லோரும் வெளியே நிற்க நேரிடும். அப்போது கணக்கின் ரூட் பயனர்தான் (முதன்மை உரிமையாளர்) அந்தப் பாலிசியை நீக்க முடியும். இன்னொன்று: கோப்பைப் படிக்கும் அனுமதிக்குப் பக்கெட் பெயருக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் வேண்டும், பட்டியலிடும் அனுமதிக்குப் பக்கெட்டின் பெயர் மட்டும் போதும்.

கார்ஸ் விதியில் அனுமதிக்கும் தளத்தின் முகவரியின் கடைசியில் சாய்கோடு சேர்த்தால் அது பொருந்தாது. கார்ஸ் உலாவிகளுக்கான விதி மட்டுமே. அதைப் பூட்டாக நம்பாதீர்கள்.

வெர்ஷனிங்கை (கோப்புகளின் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி) ஒருமுறை இயக்கினால் பிறகு இடைநிறுத்தலாமே தவிர, பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. அதன் பின் சாதாரணமாக 'அழித்த' கோப்பின் பழைய பதிப்பும் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதற்கும் கட்டணம் உண்டு. எனவே பழைய பதிப்புகளைக் காலாவதியாக்கும் லைஃப்சைக்கிள் விதியைக் கையோடு எழுதிவிடுங்கள்.

2020 டிசம்பர் முதல் எஸ்3இல் எழுதிய கோப்பு உடனே படிக்கக் கிடைக்கிறது. பக்கெட் அமைப்புகளுக்கு அந்த உறுதி இல்லை. மாற்றம் எங்கும் பரவச் சிறிது நேரம் பிடிக்கும். முதன்முறை வெர்ஷனிங்கை இயக்கிய பிறகு, கோப்புகளை எழுதவோ அழிக்கவோ தொடங்கும்முன் 15 நிமிடம் காத்திருக்கும்படி அமேசானே அறிவுறுத்துகிறது.