விலங்குகளின் இருப்பிடத்துக்கு வந்த பணத்தை எதில் போடுவது? விவாதத்துக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை

உயிரியல் பூங்கா ஒன்றுக்குப் பணம் வருகிறது, எந்த விலங்கின் இருப்பிடத்தை முதலில் சரிசெய்வது என்று பேச உட்காருகிறார்கள். பூங்காவின் ஆலோசனைக் குழுவோ கல்லூரி வகுப்பில் நடக்கும் விவாதமோ, எங்கே என்றாலும் பேச்சு பத்தே நிமிடத்தில் புலிக்குக் கண்ணாடிச் சுவர், வாசல் பக்கம் செயற்கை அருவி என்று போய்விடும். காரணம் எளிது. பேசுகிற எல்லோருமே அந்த இடத்தைப் பார்வையாளராக வெளியே நின்று பார்த்தவர்கள், அதுவும் ஐந்து நிமிடம். விலங்கு அங்கே 24 மணி நேரமும் இருக்கிறது. நீங்கள் அந்தக் கூட்டத்தில் பேசப் போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு கேள்வியை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இந்தப் பணம் செலவான பிறகு அந்த விலங்கின் ஒரு நாளில் என்ன மாறும்?

முதலில் போய் உட்கார்ந்து பாருங்கள்

கூட்டத்துக்கு முன் இரண்டு மூன்று நாளாவது அந்த அடைப்பின் முன்னால் உட்காருங்கள். ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அந்த நொடியில் அது என்ன செய்கிறது என்று சுருக்கமாக எழுதுங்கள். தூங்குகிறது, தின்கிறது, மோப்பம் பிடிக்கிறது, ஒளிந்திருக்கிறது, ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கிறது, இப்படி. மூன்று மணி நேரத்தில் 36 குறிப்புகள் கிடைக்கும். விலங்கு நடத்தையை ஆராய்பவர்கள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். கூடவே அடைப்பின் படத்தைத் தோராயமாக வரைந்து, ஒவ்வொரு முறையும் அது நின்ற இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பல சமயம் பாதி இடத்தில் ஒரு புள்ளிகூட விழாது. ஏன் என்று பார்த்தால் அங்கே நிழல் இருக்காது, அல்லது நாலா பக்கமும் மனிதர்கள் நின்று பார்க்கிற மாதிரி வெட்டவெளியாக இருக்கும். அப்படிப்பட்ட அடைப்பைப் பெரிதாக்க யாராவது கேட்டால், இருக்கிற இடத்தையே அது பாதிதான் பயன்படுத்துகிறது என்று உங்கள் படத்தைக் காட்டிப் பேசலாம், வெறும் வாயால் சொல்வதைவிட அதற்கு எடை அதிகம்.

ஒரு எச்சரிக்கை. உணவு வரும் நேரம் நெருங்க நெருங்க நடை கூடும், அதனால் ஒரே வேளையில் போகாமல் காலை, மதியம், மாலை என்று மாற்றிப் போங்கள். தலையை ஆட்டிக்கொண்டே நிற்பது, தடம் பதிய நடப்பது போன்ற பழக்கங்கள் முன்பு இருந்த மோசமான இடத்தில் தொடங்கி, நல்ல இடத்துக்கு வந்த பிறகும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைப் பார்த்தவுடன் இப்போதைய அடைப்பின் மேல் பழி போடாமல், அந்த விலங்கு எங்கிருந்து வந்தது என்று பராமரிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

அவரிடம் இன்னொன்றும் கட்டாயம் கேளுங்கள்: ராத்திரி இது எங்கே இருக்கிறது? பல பூங்காக்களில் மாலை மூடியதும் பெரிய விலங்குகளைப் பின்னால் உள்ள இரவு அறைக்கு அடைத்துவிடுவார்கள். மாலை ஆறு முதல் காலை எட்டு வரை என்று வைத்தால் 14 மணி நேரம், நாளில் பாதிக்கும் மேல். பார்வையாளர் கண்ணில் படாத இடம் என்பதால் பட்ஜெட்டிலும் அது கடைசியில்தான் வரும். அடைப்பில் வாழும் யானைகளை அதிகம் வாட்டுவது பாத நோயும் மூட்டு வாதமும், கெட்டியான கான்கிரீட் தரை அதற்கு ஒரு முக்கியக் காரணம். இரவு அறையில் ஆழமாக மணல் கொட்டினால் யானை அதில் சாய்ந்து படுத்துத் தூங்க முடியும். என்னைக் கேட்டால், வெளியே அருவி கட்டும் பணத்தில் முதல் பங்கு இந்த மணலுக்குத்தான்.

பரப்பளவு என்ற பொறி

விவாதத்தில் யாராவது நிச்சயம் 'இன்னும் பெரிய இடம் வேண்டும்' என்பார்கள். பாதி சரி. சுவிட்சர்லாந்தின் பெர்ன், பாசெல், சூரிச் பூங்காக்களை நடத்திய ஹைனி ஹெடிகர் 20ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சொல்லிவந்தது, இடத்தின் அளவைவிட அதன் தரம் முக்கியம் என்பது. ஏறுவதற்கு உயரம், மறைந்துகொள்ளப் புதர், தோண்ட மண், படுக்க ஒரு மேடை, இவை இல்லாத ஏக்கர் கணக்கான புல்வெளி ஒரு சிறுத்தைக்கு எதற்கு?

ஆனால் எல்லா விலங்குக்கும் இந்தப் பதில் செல்லாது. 2003ல் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், காட்டில் எந்த ஊனுண்ணி அதிக தூரம் திரிகிறதோ அதுவே அடைப்பில் அதிகமாகத் தடம் போட்டு நடக்கிறது, அதன் குட்டிகளும் அதிகமாகச் சாகின்றன என்று காட்டினார்கள். பனிக்கரடிக்குப் பூங்காவில் கிடைக்கும் இடம், அது காட்டில் திரியும் மிகக் குறைந்த பரப்பிலும் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். இதை எந்தப் பட்ஜெட்டாலும் ஈடுகட்ட முடியாது. அதனால் விவாதத்தில் எப்போதும் ஒரு மூன்றாவது வழியையும் மேசைமேல் வையுங்கள், இந்த விலங்கை இனி இங்கே வைத்திருக்கவே வேண்டாம் என்பது. டெட்ராய்ட் பூங்கா 2004ல் இனி யானை வளர்ப்பதில்லை என்று அறிவித்து, தன்னிடம் இருந்த இரண்டு பெண் யானைகளையும் 2005ல் கலிஃபோர்னியாவில் உள்ள சரணாலயத்துக்கு அனுப்பியது. அதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை, பூங்கா நிர்வாகம் எடுக்கக்கூடிய மிக நேர்மையான முடிவுகளில் ஒன்று என்றே நினைக்கிறேன்.

அழகு யாருக்கு

'நவீனமாகக் கட்டுவோம்' என்று யாராவது வரைபடத்தோடு வந்தால் லண்டன் பூங்காவின் பென்குயின் குளத்தைச் சொல்லுங்கள். 1934ல் பெர்டோல்ட் லுபெட்கின் வடிவமைத்தது, ஒன்றையொன்று சுற்றி இறங்கும் வெள்ளைக் கான்கிரீட் சரிவுகள், கட்டடக்கலைக்காரர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள், பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் இருக்கிறது. ஆனால் அந்தக் கான்கிரீட்டில் நடந்து பென்குயின்களின் பாதம் புண்ணானது, 2004ல் அவற்றை அங்கிருந்து வெளியே கொண்டுபோனார்கள். கட்டடம் நிற்கிறது, பறவை இல்லை.

செடி கொடியோடு காடு போலவே அமைக்கும் திட்டங்களிலும் கவனம் வேண்டும். 1970களின் இறுதியில் சியாட்டில் பூங்கா கொரில்லாக்களுக்கு அப்படி அமைத்தபோது அது பெரிய திருப்பம், கொரில்லாக்களுக்கு நிஜமான மரமும் புல்லும் கிடைத்தது. அதைப் பார்த்துப் பின்னால் வந்த பல இடங்களில் பச்சையெல்லாம் மின்கம்பிக்கு அந்தப் பக்கம், அதாவது நம் கண்ணுக்குக் காடு, விலங்கின் காலடியில் சிமெண்ட். வரைபடத்தை விரித்ததும், இதில் விலங்கு தொடக்கூடிய பகுதி எது என்று கலர் பென்சிலால் தீட்டிக் காட்டச் சொல்லுங்கள், போதும்.

கணக்கு

கட்டும் செலவை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். குளம் கட்டினால் ஃபில்டர், மின்சாரம், தண்ணீர், சுத்தம் செய்ய ஆள், பத்து வருடத்துக்கு இதெல்லாம் எவ்வளவு என்று கேளுங்கள். கட்டி முடித்து இரண்டே வருடத்தில் ஃபில்டர் நின்று பாசி பிடித்த குளம், குளமே இல்லாததைவிட மோசம். கட்டும் மாதங்களில் விலங்கு எங்கே இருக்கும், அந்தச் சத்தத்தை எப்படித் தாங்கும் என்பதும் இதே கணக்கில் சேரும்.

சின்னச் செலவுகளின் பட்டியலையும் கையில் கொண்டுபோங்கள். ஊர்வனவற்றின் புற ஊதா விளக்கு வெளிச்சம் குறையாமல் எரிந்துகொண்டிருக்கும், ஆனால் அதற்குள் இருக்கும் புற ஊதாக் கதிர் மாதங்களில் மங்கிவிடும், அது கிடைக்காமல் போனால் பல்லிக்கும் ஆமைக்கும் எலும்பு வளைகிறது. கதிரை அளக்கும் கருவி ஒன்றும் குறித்த காலத்தில் மாற்றும் விளக்குகளும் ஒரு புதிய அடைப்பின் செலவில் தூசி. கரடிக்கு உணவை ஒரே தட்டில் வைக்காமல் அடைப்பு முழுக்கச் சிதறி ஒளித்து வைப்பதற்குப் பணத்தைவிடப் பராமரிப்பாளரின் நேரம்தான் அதிகம் வேண்டும், ஆக இன்னொரு பராமரிப்பாளரை வேலைக்கு எடுப்பதும் இருப்பிடத்தை மேம்படுத்தும் செலவுதான் என்று தைரியமாக வாதாடுங்கள்.

யாருக்கு முதலில் என்று வரிசைப்படுத்த, விலங்கு நல ஆய்வாளர் டேவிட் மெல்லரும் உடன் பணியாற்றியவரும் 1994ல் முன்வைத்த ஐந்து களங்கள் உதவும்: உணவு, சூழல், உடல்நலம், நடத்தை, மனநிலை. ஒவ்வொரு விலங்குக்கும் ஐந்திலும் மதிப்பெண் போடுங்கள், பராமரிப்பாளரும் மருத்துவரும் தனித்தனியாகப் போடட்டும், பிறகு ஒப்பிடலாம். பட்டியலின் அடியில் பெரும்பாலும் புலி இருக்காது, யாரும் நின்று பார்க்காத ஏதோ ஒரு மரநாயோ ஆந்தையோ இருக்கும்.

'கூட்டம் வராவிட்டால் பணமே வராது' என்ற எதிர்வாதம் வரும். அதை ஒதுக்கிவிடாதீர்கள், உண்மைதான் அது. ஆனால் தோண்டித் தேடித் தின்னும் கரடியின் முன்னால் மனிதர்கள் நிற்கிற நேரத்தையும் தூங்கும் கரடியின் முன்னால் நிற்கிற நேரத்தையும் அதே கடிகாரத்தால் அளந்து கொண்டுபோங்கள். நன்கொடையாளர் தன் பெயர் தெரிய வேண்டும் என்கிறாரா, சரி, இரவு அறையின் உட்புறத்தைப் படமெடுத்து வெளியே ஒரு பலகையில் அவர் பெயரோடு மாட்டலாம்.

முடிவு எடுத்ததும் கூட்டக் குறிப்பில் மூன்று விஷயங்களை எழுதச் சொல்லுங்கள். எந்த நடத்தை மாற வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம், வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து அதே ஐந்து நிமிடக் குறிப்பை யார் மறுபடி எடுப்பார்கள், அப்புறம் பத்தில் ஒரு பங்கு பணம் செலவழிக்காமல் தனியாக இருக்கிறது என்பது. புதிதாகப் போட்ட மேடையில் சிறுத்தை ஏறாமல் மூலையிலேயே படுத்திருந்தால், மேடையை இடம் மாற்ற அந்தப் பணம் வேண்டும்.