மாலை இல்லாமல் 108 மூச்சு 'சோஹம்'

பிராணனை, அதாவது மூச்சைக் கவனிக்கும் 'சோஹம்' ('அவனே நான்') ஜபத்துக்கு மாலையும் வேண்டாம், செல்போன் ஆப்பும் வேண்டாம். மூச்சு உள்ளே போகும்போது 'சோ', வெளியே வரும்போது 'ஹம்' என்று மனதுக்குள் மட்டும் சொல்லி, ஒரு முழு மூச்சுக்கு ஒரு விரல் கணு என்று வலது கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே போங்கள். நான்கு விரலில் 12 கணு. ஒவ்வொரு சுற்றுக்கும் இடது கையில் ஒரு கணு. 9 சுற்றில் 108.

மந்திரம் மூச்சின் பின்னால் போக வேண்டும். பலரும் தலைகீழாக, 'சோ'வை இழுப்பதற்காக மூச்சை இழுக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் தலை கிறுகிறுக்கும். நாக்கை மேல்பல்லின் பின்புறம் ஒட்டி வைத்தால் உதடு முணுமுணுக்காது, வேகமும் அதிகரிக்காது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். மாம்பலத்தில் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் மீனம்பாக்கத்துக்குள் முடிந்துவிடும் (அலுவலக நேரத்தில் இடம் கிடைப்பது வேறு கதை).

வண்டி ஓட்டும்போது வேண்டவே வேண்டாம். மூக்கடைப்பு, போகிப் புகை, வயிறு முட்டச் சாப்பிட்ட நேரம் எதற்கும் சரிவராது. ஸ்வரத்தோடு (ஒலியின் ஏற்ற இறக்கத்தோடு) ஓத வேண்டிய காயத்ரி போன்ற வேத மந்திரங்களை இப்படி மூச்சில் பிரித்துப் போடக் கூடாது.