பிரிட்டன் அரசியல் நியூஸ் பாத்து பதறாம இருக்கறது எப்படி

2025 மே 12ஆம் தேதி பிரிட்டன் கவர்மென்ட் இமிக்ரேஷன் பத்தி ஒரு வெள்ளை அறிக்கை, அதாவது என்ன பண்ணப் போறோம்னு சொல்ற திட்ட அறிக்கை விட்டுச்சு. அஞ்சு வருஷத்துல கிடைக்கற ஐ.எல்.ஆர், அதாவது நிரந்தரமா தங்கற உரிமை, இனிமே பத்து வருஷம்னு ஃபார்வர்டு பறக்க ஆரம்பிச்சுது, பாதி பேருக்கு தூக்கமே போச்சு. ஆனா அந்த பத்து வருஷ மேட்டர் அன்னிக்கு வெறும் யோசனைதான், கன்சல்டேஷன் நடத்தி கருத்து கேப்போம்னுதான் எழுதியிருந்தாங்க. அதே அறிக்கையில இருந்த இன்னொண்ணு, வெளிநாட்டுல இருந்து புதுசா கேர் வொர்க்கர் (வயசானவங்க, முடியாதவங்களை பாத்துக்கறவங்க) எடுக்கறதை நிறுத்தறது, அதை யாரும் அவ்ளோவா ஃபார்வர்டு பண்ணல, அது ஜூலை 22ஆம் தேதியே அமலுக்கு வந்துடுச்சு. எதுக்கு பயப்படணுமோ அதை விட்டுட்டு எல்லாரும் வேற எதுக்கோ பயந்துட்டு இருந்தாங்க.

அதனால எந்த நியூஸ் வந்தாலும் முதல்ல ஒரே கேள்வி கேளுங்க, இது இப்ப எந்த ஸ்டேஜ்ல இருக்கு? பேப்பர்ல கசிய விட்டதா, அறிக்கையா, பில்லா (மசோதா), சட்டமா? சாதாரணமா ஒரு பில்லுன்னா பார்லிமென்ட்டோட கீழ்சபை காமன்ஸ்ல மூணு வாசிப்பு, நடுவுல கமிட்டி, அப்புறம் மேல்சபை லார்ட்ஸ்ல அதே மாதிரி ஒரு ரவுண்டு, கடைசியா ராஜா ஒப்புதல், மாசக்கணக்கா இழுக்கும், உங்களுக்கு டைம் இருக்கு. இமிக்ரேஷன்ல மட்டும் அப்படி இல்ல. விசா ரூல்ஸ் மாத்த புது சட்டமே தேவையில்ல, ஹோம் செக்ரட்டரி (உள்துறை அமைச்சர்) ஸ்டேட்மென்ட் ஆஃப் சேஞ்சஸ்னு ஒரு டாக்குமென்ட்டை பார்லிமென்ட்ல வெச்சா போதும், எம்.பி-ங்க எதிர்க்கறதுக்கு வழி இருக்கு ஆனா நடைமுறையில அனேகமா நடக்கறதே இல்ல. நம்ம ஆளுங்க டிவி விவாதத்தை மணிக்கணக்கா பாக்கறதுக்கு பதிலா கவர்மென்ட் சைட்டுல இந்த டாக்குமென்ட் வந்திருக்கான்னு பாத்தாலே போதும், அமலுக்கு வர்ற தேதி அதுலயே இருக்கும். அமைச்சர்கள் யோசிக்கிறார்கள், பரிசீலனையில் உள்ளதுன்னு தலைப்பு வந்தா, ஜனங்க எவ்ளோ கத்தறாங்கன்னு பாக்க யாரோ ஆழம் பாக்கறாங்கன்னு எடுத்துக்கோங்க.

அடுத்தது, புதன்கிழமை மத்தியானம் 12 மணிக்கு நடக்குற பிரதமர் கேள்வி நேரம். இதை கிரிக்கெட் மேட்ச் மாதிரி யார் ஜெயிச்சாங்கன்னு பாக்கறது டைம் வேஸ்ட். முதல் கேள்வியே ஒரு சடங்கு, பிரதமரோட இன்னிக்கு புரோகிராம் என்னன்னு ஒரு எம்.பி கேப்பார், அமைச்சர்களையும் மத்தவங்களையும் சந்திச்சேன்னு பிரதமர் சொல்வார், உலகத்துல யாருக்கும் அதுல ஒரு பிரயோஜனமும் கிடையாது. எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்வி, ஆறுக்கும் பதில் வராது, ரெண்டு பக்கமும் சமூக வலைதளத்துல போடறதுக்கு கிளிப் மட்டும் கிடைக்கும்.

என்னைக் கேட்டா எதிர் பெஞ்சை விட்டுட்டு பிரதமருக்கு பின்னாடி உக்காந்திருக்கற அவரோட கட்சி எம்.பி-ங்க மூஞ்சிய பாருங்க. 2024 தேர்தல்ல ஜெயிச்சு ஆட்சிக்கு வந்த லேபர் கட்சிக்கு 650ல 411 சீட்டு, எதிர்க்கட்சி என்ன கத்துனாலும் ஓட்டெடுப்புல ஒண்ணும் ஆகாது. ஆனா பென்ஷன்காரங்களோட குளிர்கால எரிபொருள் பணத்தை பெரும்பாலானவங்களுக்கு வெட்டுனாங்களே, 2024 ஜூலைல அப்ப நிதியமைச்சரா இருந்த ரேச்சல் ரீவ்ஸ் அறிவிச்சது, அது 2025 ஜூன்ல வருமானம் 35,000 பவுண்டு வரைக்கும் இருக்கறவங்களுக்கு திரும்ப வந்துச்சு. அடுத்த சில வாரத்துலயே மாற்றுத்திறனாளி உதவித்தொகை வெட்டு, 120க்கு மேல லேபர் எம்.பி-ங்களே எதிர்த்து கையெழுத்து போட்டாங்க, கவர்மென்ட் பின்வாங்கிடுச்சு. ரெண்டுலயும் குனிய வெச்சது சொந்தக் கட்சிக்காரங்க, தொகுதியில ஜனங்க வந்து திட்டுனதுல பயந்து போனவங்க. இதை புரிஞ்சுக்கிட்டா எந்த நியூஸ் நிலைக்கும் எது நிலைக்காதுன்னு ஓரளவுக்கு நீங்களே சொல்லிடுவீங்க.

அந்த 411 சீட்டை பாத்து நாடே லேபர் பின்னாடி நின்னுச்சுன்னு எழுதுனவங்களும் உண்டு. வாங்குன ஓட்டு 34 சதவீதம் கூட இல்ல. ரிஃபார்ம் கட்சி 14 சதவீதம் வாங்கி அஞ்சே சீட்டு, லிபரல் டெமாக்ரட்ஸ் 12 சதவீதத்துல 72 சீட்டு. ரிஃபார்ம் கட்சியோட நைஜல் ஃபராஜ் அரசியல் எனக்கு துளியும் பிடிக்காது, ஆனா இந்தக் கணக்கு நியாயம்னு என்னால வாய்கூசாம சொல்ல முடியாது. சீட்டை பாக்கும்போது கூடவே ஓட்டு சதவீதத்தையும் பாருங்க, அவ்ளோதான் இதுல.

இன்னொரு சின்ன விஷயம், பிரிட்டன்னு தலைப்புல இருந்தாலும் பாதி நியூஸ் இங்கிலாந்துக்கு மட்டும்தான். என்.எச்.எஸ்-ங்கற அரசு மருத்துவ சேவை, ஸ்கூல், காலேஜ் ஃபீஸ் எல்லாம் ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்துல தனித்தனி முடிவு. மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்துல காசு, மத்த மூணு இடத்துலயும் ஃப்ரீ.

நம்பர் வந்தா இன்னும் உஷாரா இருக்கணும். இதுக்கு இந்தியப் பெருங்கடல்ல பிரிட்டன் கைல இருந்த சாகோஸ் தீவு மேட்டர் ஒண்ணு போதும். 2025 மே 22ல மொரிஷியஸோட ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, தீவுக்கூட்டத்தோட உரிமை மொரிஷியஸுக்கு, அதுல டியேகோ கார்சியாங்கற தீவுல இருக்கற ராணுவ தளம் மட்டும் பிரிட்டனுக்கு 99 வருஷ லீசுக்கு. செலவு எவ்ளோ? கவர்மென்ட் 3.4 பில்லியன் பவுண்டுன்னுச்சு, எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் 30 பில்லியன்னாங்க. யாரு பொய் சொல்றாங்கன்னு கேட்டா ரெண்டு பேருமே தனக்கு தோதான கணக்கை எடுத்துக்கிட்டாங்க, அவ்ளோதான். வருஷத்துக்கு சராசரி 101 மில்லியன், 99ஆல பெருக்குனா 10 பில்லியன் கிட்ட வரும். எதிர்காலத்துல குடுக்கற காசுக்கு இன்னிக்கு மதிப்பு கம்மின்னு கழிச்சா 3.4, விலைவாசி ஏற ஏற தொகையும் ஏறும்னு கூட்டுனா 30. அதனால பெரிய நம்பர் பாத்தா எத்தனை வருஷத்துக்கு, இன்னிக்கு விலையிலயான்னு கேளுங்க. அதோட பேச்சுவார்த்தையை ஆரம்பிச்சது யாருன்னும் கேளுங்க, 2022 நவம்பர்ல ஆரம்பிச்சதே கன்சர்வேடிவ் கவர்மென்ட், அப்ப வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி. அதே கட்சி அப்புறம் தேசத்துரோகம்னு குதிச்சா நாம ஏன் கூட சேர்ந்து குதிக்கணும்.

இந்த ரெண்டு கட்சி கூச்சல்லயும் காணாம போனவங்க யாருன்னு தேடறதுதான் வெளியுறவு நியூஸ் படிக்கிற வித்தைன்னு நான் நினைக்கிறேன். 1968ல இருந்து 1973 வரைக்கும் அந்தத் தீவுக்காரங்களை மொத்தமா வெளியேத்துனாங்க, ஒப்பந்தத்துல அவங்க கிட்ட ஒழுங்கா கேட்டாங்களான்னு பேசுனவங்க ரொம்ப கம்மி. அதே டியேகோ கார்சியாவுல 2021 அக்டோபர்ல மீன்பிடி படகுல வந்து சேந்த இலங்கைத் தமிழர்கள், கனடா போக கிளம்புனவங்க, குழந்தைகளோட, எலி ஓடுற கூடாரத்துல மூணு வருஷம் கிடந்தாங்க. 2024 டிசம்பர்லதான் பெரும்பாலானவங்களை பிரிட்டனுக்கு கூட்டிட்டு வந்தாங்க, அவங்களை அடைச்சு வெச்சது சட்டவிரோதம்னு கோர்ட்டும் அதே மாசம் சொல்லிடுச்சு. மனித உரிமை பத்தி ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுக்குற நாடு!

சரி, படிச்சு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டா இருந்தாலும் நீங்க காமன்வெல்த் குடிமக்கள், 18 வயசாகி பிரிட்டன்ல சட்டப்படி தங்கியிருந்தா பொதுத்தேர்தல்லயே ஓட்டு உண்டு, ஸ்டூடன்ட் விசாவா இருந்தாலும். நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. பேரை ரெஜிஸ்டர் பண்ணுங்க, ஆன்லைன்ல கொஞ்ச நேர வேலை. வாக்குச்சாவடிக்கு போட்டோ ஐ.டி வேணும், நம்ம பாஸ்போர்ட் செல்லும். லண்டன் பஸ், ரயிலுக்கான ஆய்ஸ்டர் கார்டுல, 60 வயசு தாண்டுனவங்களோட போட்டோ கார்டு செல்லும், ஸ்டூடன்ட் ஆய்ஸ்டர் செல்லாது, இந்த வித்தியாசம் ஏன்னு இதுவரைக்கும் யாரும் எனக்கு உருப்படியா விளக்கல.

அப்புறம் உங்க எம்.பி யாருன்னு போஸ்ட்கோடு போட்டு கண்டுபிடிங்க, எதுக்கு எப்படி ஓட்டு போட்டாருன்னு பார்லிமென்ட் சைட்டுலயே இருக்கு. விசா பாக்கற உள்துறை, ஹோம் ஆபீஸ்ல ஃபைல் மாசக்கணக்கா தூங்குதுன்னா அவரோட சர்ஜரிக்கு, அதாவது எம்.பி தொகுதி ஜனங்களை நேர்ல பாத்து குறை கேக்கற நேரத்துக்கு, அப்பாயின்ட்மென்ட் கேளுங்க, அனேகமா வெள்ளி இல்லேன்னா சனிக்கிழமை இருக்கும். போகும்போது கேஸ் நம்பர், அப்ளை பண்ண தேதி, வந்த லெட்டர் காப்பி எல்லாம் ஒரு கவர்ல போட்டுக்கோங்க, பிரச்சனைய அரை பக்கத்துல எழுதி கையில குடுங்க. உள்ள குடுக்கற டைம் ரொம்ப கொஞ்சம்தான், அதுல பிரெக்ஸிட் பத்தி விவாதம் பண்ணிட்டு வராதீங்க.