தழை மாற்றும்போது எங்கே தவறுகிறோம்

கொத்தமல்லி தீர்ந்துவிட்டது, பார்ஸ்லி இருக்கிறது, இரண்டும் பச்சைதானே என்று அள்ளிப் போடுகிறோமே, அங்கேதான் முதல் தவறு. மேலே தூவ மட்டும் என்றால் பரவாயில்லை. ஆனால் அரைத்துச் செய்கிற எதிலும் பார்ஸ்லி கொத்தமல்லியின் வேலையைச் செய்யாது, அந்த மணமே அதில் கிடையாது. தழைக்குப் பதில் மல்லித்தூள் போடுவது இன்னும் மோசம். செடி ஒன்றுதான், இலையின் வாசனை வேறு, விதையின் வாசனை வேறு.

இத்தாலியச் சமையலில் வருகிற பேசில் தழையும் நம் துளசியும் நெருங்கிய உறவு என்பதால் பலர் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுகிறார்கள். துளசியில் கிராம்பு வாடை தூக்கலாக இருக்கும், தாய்லாந்து பேசிலில் சோம்பு வாடை. தக்காளி சாஸில் இவற்றைப் பேசில் அளவுக்கே போட்டால் தக்காளி எங்கே போனதென்றே தெரியாது.

அப்புறம் அளவு. பச்சை இலை ஒரு டேபிள்ஸ்பூன் என்றால் காய்ந்தது ஒரு டீஸ்பூன் போதும், தண்ணீர் வற்றியதில் மணம் செறிந்திருக்கும். ஆரிகனோ, தைம், ரோஸ்மேரிக்கு இந்தக் கணக்கு சரி. கொத்தமல்லி, பார்ஸ்லி மாதிரி மெல்லிய தழைகளுக்கு இதை நம்பாதீர்கள், காயும்போதே அவற்றின் வாசனையில் பெரும்பகுதி போய்விடுகிறது, மூன்று மடங்கு கொட்டினாலும் திரும்பி வராது. காய்ந்த எதையும் போடுவதற்கு முன் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள், வைக்கோல் வாசம் அடித்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

மூலிகையை மாற்றினால் போடுகிற நேரமும் மாற வேண்டும், இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பேசிலை அடுப்பை அணைக்கும்போது போடுவோம். அதற்குப் பதில் காய்ந்த தைம் என்றால், அது கொதியிலேயே கிடந்து ஊற வேண்டும், கடைசியில் தூவினால் வாயில் தூசி மாதிரி நெருடும். ரோஸ்மேரி பைன் மரத்துப் பிசின் மாதிரி மணப்பது, வேறெதற்குப் பதிலாகப் போட்டாலும் பாதி அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரிஞ்சி இலையில் ஒரு குழப்பம் உண்டு, இரண்டு வேறு மரத்து இலைகளை ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். இலையைத் திருப்பிப் பாருங்கள்: நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடினால் அது பட்டை இனத்து மரம், பட்டை வாசனையே வரும். நடுவில் ஒரே நரம்பு, பக்கவாட்டில் கிளைகள் என்றால் அது லாரல், அதாவது மேல்நாட்டுச் சமையலில் வருகிற பே லீஃப், அதன் வாசனை கொஞ்சம் தைலம் மாதிரி இருக்கும். சமையல் குறிப்பு லாரல் கேட்கிறது, கையில் மூன்று நரம்பு இலைதான் இருக்கிறது என்றால், போடாமலே விடுவது நல்லது.