பழத்தோலின் வடு விற்பனையை எவ்வளவு பாதிக்கிறது? நீங்களே அளந்து பார்க்கும் முறை

வடுப்பட்ட பழத்தை வாங்குவீர்களா என்று கேட்டால், சுவைதானே முக்கியம் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் கடையில் அவர்களுடைய கை மாசற்ற பழத்தையே பொறுக்கி எடுக்கும். ஆகவே கருத்துக் கேட்பதை விட்டு, உண்மையான விற்பனையைக் கொண்டே அளவிடுங்கள்.

முதலில் ஒரே ரகம், ஒரே பருமன், ஒரே அளவு பழுத்த ஆப்பிள்களைச் சேகரியுங்கள்.

அடுத்து, குறைகளைத் தரம் பிரிக்க வேண்டும். சோதனை பெரும்பாலும் கெடுவது இந்தப் படியில்தான். காற்றில் கிளை உரசி ஆறிய தழும்பும், காம்பைச் சுற்றிப் படரும் சொரசொரப்பான பழுப்புப் படலமும் தோலோடு நின்றுவிடுபவை. கன்றிப்போன இடம் அப்படியன்று. அங்கே செல்கள் உடைந்து, நொதிகளின் தூண்டுதலால் சதையிலுள்ள சேர்மங்கள் ஆக்சிஜனுடன் வினைபுரிவதால் சதையே பழுப்பாகிறது, கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாலே அமுங்குகிறது. கால்சியம் குறைவால் தோன்றும் சிறு கரும்புள்ளிக் குழிகளும் சதைக்குள் இறங்கியவையே. இவை அனைத்தையும் ஒரே தட்டில் குவித்தால், வாங்குபவர் தோற்றத்தை வெறுத்தாரா, அழுகலுக்கு அஞ்சினாரா என்பதை ஒருபோதும் பிரித்தறிய முடியாது. எனவே தோல்வடு உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, நகத்தளவு வடு, கால்பங்குத் தோலை மூடிய வடு என இரண்டாகப் பிரியுங்கள்.

வடு இல்லாதவற்றையும் சேர்த்து மூன்று தட்டுகளாக, வடு மேற்புறம் தெரியும்படி, ஒரே விலையில் அடுத்தடுத்து வையுங்கள். தட்டுகளின் இடத்தை நாள்தோறும் மாற்றுங்கள். மாசற்ற பழங்கள் தீரத் தீர நிரப்புவது மிக முக்கியம்; அந்தத் தட்டு காலியான பிறகு நடக்கும் விற்பனை தேர்வே ஆகாது. கணக்கெழுதச் செயலிகளைவிடத் தாளும் பென்சிலுமே எனக்கு உகந்தவை, ஈரக்கையோடும் குறித்துவிடலாம்.

பிறகு வடுப்பட்ட பழங்களின் விலையை மட்டும் குறைத்துப் பாருங்கள். விலையை மாற்றாமல், “உரசல் தழும்பு, சதை நன்று” என்ற அட்டையோடு நறுக்கிய துண்டுகளை வைப்பது தனிச் சோதனை. 2014-இல் பிரான்ஸின் இன்டர்மார்ஷே அங்காடிகள் உருக்குலைந்த காய்கனிகளை 30 விழுக்காடு குறைத்து விற்றபோது, அவற்றின் சாற்றையும் சுவைக்கக் கொடுத்தன. விற்பனைக்கு அது நல்ல உத்தி, ஆனால் மலிவு ஈர்த்ததா, சுவை ஈர்த்ததா என்று அதிலிருந்து சொல்ல இயலாது.

பின்சேர்க்கை: வாழைப்பழத்தில் செய்யலாமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். தொடக்கத்தில் வேண்டாம். அதன் பழுப்புப் புள்ளிகள் மாவுச்சத்து சர்க்கரையாகிவிட்டதைக் காட்டுவதால், சிலர் அவற்றைத் தேடியே வாங்குவார்கள். ஆரஞ்சின் பச்சை நிறத்தையும் குறையாகக் கணக்கிடாதீர்கள். வெப்பமான இடங்களில் நன்கு பழுத்த ஆரஞ்சும் பச்சையாகவே இருக்கும்.