காட்டுச் சாகசக் கதை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையேறும் நாயகன். கையில் கிழிந்த வரைபடம். முன்னால் புதரை வெட்டி வழி விட்டபடி போகிற ஒரு பழங்குடிக் கிழவர். அவருக்குப் பெயர் பெரும்பாலும் வெறும் ‘மூப்பன்’. ஏழாம் அத்தியாயத்துக்குள் புலி அடித்தோ பாறை உருண்டோ இறந்துபோவார். உயிர் போகும் முன் புதையல் குகை இருக்கும் திசையைக் காட்டிவிடுவார்.

சிறுவர், இளையோருக்கான சாகசக் கதைகளை அச்சுக்கு முன்பே வாசித்துக் கருத்துச் சொல்லும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இந்தக் கிழவரை அத்தனை கதைகளில் பார்த்துவிட்டேன். எழுதுகிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதுவதில்லை. காடு அழியக்கூடாது, அங்கே வாழ்கிறவர்களை உலகம் மதிக்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுக்கிறார்கள். ஆனால் கதைக்குள் காடு வெறும் மேடையாகவும் அங்குள்ள மக்கள் மேடையில் வந்துபோகும் துணைப்பாத்திரங்களாகவும் ஆகிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த நீலகிரியையும் அதைச் சுற்றியுள்ள மலைகளையும் வைத்தே சொல்கிறேன்.

‘மனிதக் காலடி படாத காடு’

இந்த வரியை எழுதிய உடனே அடித்துவிடுங்கள். முதுமலை 1940இல் சரணாலயம் ஆனது. 2007இல் புலிகள் காப்பகம். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே குறும்பர், காட்டுநாயக்கர், இருளர், பணியர் அங்கே வாழ்ந்தவர்கள். 1882இல் வந்த சென்னை வனச் சட்டம்தான் அவர்கள் நடந்த நிலத்தை ‘ஒதுக்குக் காடு’ ஆக்கி, விறகு பொறுக்குவதைக்கூடக் குற்றமாக்க வழி திறந்தது. நாம் கன்னிக் காடு என்று வியக்கும் பல இடங்கள் ஒருமுறை வெட்டப்பட்டவை. ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்ற பெயரே, அந்த உச்சியிலிருந்து தேக்கு மரங்களைச் சரித்துவிட்டதால் வந்தது. ஊட்டிக் காட்சிகளில் ‘ஆதி வனம்’ என்று எழுதப்படும் தைல மரத் தோப்புகளை நட்டு வளர்த்தது வெள்ளைக்கார நிர்வாகமும் அதற்குப் பின் வந்த அரசுகளும்தான். அந்த இடங்களில் முன்பு இருந்தது புல்வெளி. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி.

இதைத் தெரிந்துகொண்டு எழுதினால் கதை கனமாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கூடலூர்ப் பக்கம் தேவாலா, பந்தலூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓடைமணலை அரித்துப் பொன் எடுப்பது உள்ளூர்க் குறும்பருக்கும் பணியருக்கும் தெரிந்த வேலை. 1879 வாக்கில் அந்தச் செய்தி லண்டன் பங்குச் சந்தையைத் தொட்டது. டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. இயந்திரங்கள் மலையேறின. மூன்று நான்கு ஆண்டுகளில், போட்ட பணத்துக்கு ஏற்ற பொன் இல்லை என்று தெரிந்து எல்லாம் சரிந்தது. சுரங்கக் குழிகள் மட்டும் இன்றும் இருக்கின்றன. பொன், பேராசை, காய்ச்சல், காட்டுக்குள் கைவிடப்பட்ட சுரங்கம்: சாகசக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த ஓடைகளில் மணல் அரித்துக்கொண்டிருந்த பணியர் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் கண் வழியாக அதைச் சொல்லிப் பாருங்கள். பணியர் பல தலைமுறைகளாக நிலவுடைமையாளர்களிடம் கொத்தடிமைகளாக இருந்தவர்கள். அவளுக்கு ‘தப்பித்தல்’ என்பது புலியிடமிருந்து மட்டும் அல்ல.

எல்லோரையும் ஒரே கூடையில் போடுவது

தமிழ்நாட்டில் 37 பழங்குடிச் சமூகங்கள் பட்டியலில் உள்ளன. நீலகிரியில் மட்டும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு. கோத்தர் இரும்படித்து, மண்பாண்டம் வனைந்து, இசைத்து வாழ்ந்தவர்கள். தோடர் எருமை வளர்ப்பவர்கள், மரபில் புலால் உண்ணாதவர்கள். அவர்கள் கையில் வில்லைக் கொடுத்து மான் வேட்டைக்கு அனுப்பிய கதையை நான் வாசித்திருக்கிறேன். தோடர் குடியிருப்பு மந்து, கோத்தருடையது கோக்கால். கோவைப் பக்க இருளருக்குப் பதி, சத்தியமங்கலத்துச் சோளகருக்குத் தொட்டி. ‘கிராமம்’ என்று பொதுவாக எழுதுவதற்குப் பதில் சரியான சொல்லை ஒருமுறை போட்டாலே வாசகருக்கு இடம் புலப்பட்டுவிடும்.

இருளர் விஷயத்தில் இன்னொரு குழப்பம். செங்கல்பட்டுச் சமவெளி இருளர் பாம்பு பிடிப்பதில் பேர்போனவர்கள். பாம்புத்தோல் வணிகம் தடைபட்டபின், 1978இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பாம்பு நஞ்சு எடுக்கிறார்கள். அவர்களில் இருவர், மாசி சடையன், வடிவேல் கோபால், 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். நீலகிரி மலைச்சரிவு இருளரின் மொழியும் வாழ்க்கையும் வேறு. அவர்களையும் பாம்போடு கட்டிவிடக் கூடாது. அந்த மொழி கொச்சைத் தமிழும் அல்ல. தோடம், கோத்தம், இருளம் எல்லாம் தனித் திராவிட மொழிகள். பழங்குடிப் பாத்திரத்தை ‘நானு போவுது சாமி’ என்று பேசவைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவர் தம் ஆட்களோடு பேசும்போது நல்ல, முழுமையான வாக்கியங்களில்தான் பேசுவார். அதை நல்ல தமிழில் எழுதுங்கள்.

குறும்பரை மந்திரவாதி ஆக்குவதும் இப்படித்தான். அக்கம்பக்கத்தார் அவர்களுடைய சூனியத்துக்குப் பயந்தார்கள் என்பது உண்மை. அந்தப் பயத்தால் 19ஆம் நூற்றாண்டில் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள் என்பதும் உண்மை. முதல் பாதியை மட்டும் எடுத்துத் திகில் சேர்க்கும் கதை, அந்தக் கொலைகளின் பக்கம் போய் நிற்கிறது.

அறிவை ‘உள்ளுணர்வு’ என்று எழுதுவது

‘காட்டின் மொழி அவனுக்குப் பிறவியிலேயே தெரியும்.’ அழகான வரிபோல இருக்கும். ஆனால் அது அந்த மனிதரின் உழைப்பை மறைத்துவிடுகிறது. மலைத்தேன் எடுப்பதைப் பாருங்கள். செங்குத்துப் பாறையில் தொங்கும் பெருந்தேனீக் கூடு. காட்டுக்கொடியை முறுக்கி ஏணி செய்து, மேலே மரத்தில் கட்டி, புகையோடு இறங்க வேண்டும். எந்தக் கொடி தாங்கும், எத்தனை நாள் தாங்கும், எந்தப் பாறையில் யாருக்கு உரிமை, எவ்வளவு தேனடையை விட்டுவைக்க வேண்டும் என்பதெல்லாம் கற்றுத்தேர்ந்த அறிவு. மேலே நின்று கயிற்றைக் காவல் காப்பது பெரும்பாலும் மனைவியின் உடன்பிறந்தவன். தங்கை தாலியறுக்க மச்சான் சம்மதிக்க மாட்டான் என்ற கணக்கு. இந்த ஒரு வழக்கத்துக்குள் ஒரு நாவல் இருக்கிறது. மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பகை வந்துவிட்டால்?

அறிவு என்றால் அதற்கு உடைமையும் உண்டு. 1987இல் கேரளப் பக்க அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் மூச்சுவாங்கி நின்றார்கள். வழிகாட்டிய காணிக்காரப் பழங்குடியினர் ஏதோ ஒரு காயைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் நடந்தார்கள். அது என்ன என்று கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்தார்கள்; வெளியாரிடம் சொல்லக்கூடாதது அது. பிறகு சொன்னார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து ஒரு மருந்து பிறந்தது, உரிமத்தொகையில் பாதி காணிக்காரருக்கு என்று முடிவானது. ஆனால் யாரிடம் கேட்டு முடிவெடுத்தார்கள் என்று அந்தச் சமூகத்துக்குள்ளேயே கேள்வி எழுந்தது. நம் கதைகளில் கிழவர் மூலிகையைக் காட்டுவதற்கு அரைப் பக்கம்கூட ஆவதில்லை. அந்தத் தயக்கத்துக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுக்கலாம். புனித இடங்களின் அமைவிடத்தையும், சடங்குகளின் உள்விவரத்தையும் அப்படியே அச்சில் ஏற்றுவதும் இதே தவறுதான். கற்பனையாக ஒன்றைப் படையுங்கள், அல்லது கதவுக்கு வெளியே நின்றுவிடுங்கள்.

காட்டுத்தீயும் வில்லனும்

வனப்பாதுகாப்பைச் சொல்ல வரும் கதைகளில் பெரும்பாலும் ஒரு தீக் காட்சி வரும். பழங்குடிச் சிறுவனின் கவனக்குறைவால் தீ பற்றும், வனத்துறை வந்து காப்பாற்றும். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைச் சோளகருக்குத் ‘தரகு பெங்கி’ என்று ஒரு வழக்கம் இருந்தது: வெயில் முற்றுவதற்கு முன்பே சருகுக்கு மெல்லிய தீ வைப்பது. அது தடைசெய்யப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்களும் அதைக் கவனமாகக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். உண்ணிச்செடியே அழகுக்காக வெள்ளைக்காரர் கொண்டுவந்த அயல் செடி. தீயை யார் மூட்டுகிறார்கள், எந்த மாதத்தில் என்று கேட்காமல் அந்தக் காட்சியை எழுத வேண்டாம்.

வில்லனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சந்தனக் கடத்தல்காரன் கெட்டவன், சீருடை போட்டவர் நல்லவர் என்ற கணக்கு நம் மண்ணில் செல்லாது. 1992 ஜூனில் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தன மரம் தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் மலையாளி என்ற பெயருடைய பழங்குடி மக்களை அடித்து, 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். 19 ஆண்டுகள் கழித்து, 2011இல்தான் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இதற்காக எல்லாச் சீருடையையும் கறுப்பாகத் தீட்டவும் வேண்டாம். வேட்டைத்தடுப்புக் காவலர்களில் எத்தனையோ பேர் பழங்குடிகள்தான். 2021இல் மசினகுடிப் பக்கம் டி23 என்ற புலியைக் கொல்லாமல் பிடிக்க 21 நாள் அலைந்தார்களே, டிரோனும் கும்கியும் திணறிய இடத்தில் தடம் பார்த்தது இவர்கள் கண்கள். ஒரே ஆள், காலையில் துறையின் காவலர், மாலையில் துறையிடம் நில உரிமை கேட்கும் குடும்பத்தின் மகன். எனக்கு அவர்தான் நாயகன்.

சின்னச் சின்னப் பிழைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நம் காடுகளில் சிங்கம் கிடையாது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை. ஒரு சரிவில் 2018இல் பூத்த செடிகள், காதல் காட்சிக்காக அதே சரிவில் 2022இல் பூக்காது. ஜூலையில் கூடலூர் மழையில் ஊறும்போது மசினகுடி மழைமறைவில் காய்ந்து கிடக்கலாம். காட்டில் நடப்பவர்கள் புலியைவிடக் கரடிக்கும் தனி யானைக்கும் அதிகம் அஞ்சுகிறார்கள். புலி வருவதைப் புலியின் உறுமலைவிடக் கடமானின் எச்சரிக்கைக் குரல்தான் முதலில் சொல்லும்.

கடைசியாக, முடிவு. கொள்ளையர் பிடிபடுகிறார்கள், காடு காப்பகமாக அறிவிக்கப்படுகிறது, நாயகன் பேருந்து ஏறுகிறான். ஏறக்குறைய எல்லோரும் இங்கேதான் முடிக்கிறார்கள். அந்த அறிவிப்புக்கு அடுத்த நாள் குடியிருப்பில் என்ன நடக்கும்? 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தபின்னும் அந்தக் கேள்வி தீரவில்லை. ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் கல்லாறு என்ற காடர் பழங்குடிக் குடியிருப்பு, 2019 மழையில் நிலச்சரிவில் சிதைந்தது. அருகிலிருந்த தெப்பக்குளமேட்டில் குடிசை போட்டார்கள், வனத்துறை அகற்றியது. தேயிலைத் தோட்டத்துப் பழைய லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தங்கியபடியே போராடினார்கள். எங்களுக்கு வேறெந்த ஊரும் வேண்டாம், காட்டுக்குள் அந்த மேடுதான் வேண்டும் என்று நின்றார்கள். 2021இல் பட்டா கிடைத்தது. உங்கள் நாவலை இந்த இரண்டு ஆண்டுகளில் தொடங்கிப் பாருங்கள்.